வேதமூர்த்தியின் முறை

"வாத்தியாரே, என் பாட்டுல என்ன குறை?"

வேனின் முன்சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து தமயந்தி கேட்டாள்.

பின்சீட்டில் மிருதங்கப் பையை அணைத்தபடி இருந்த பக்கிரிசாமி வாயைத் திறந்தார். அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"சுருதியா? சுருதி இல்ல. சுத்தமாத்தான் இருந்துச்சு. இடமா இருக்குமோ? அந்த ஹால்ல எதிரொலி ஜாஸ்தி. இல்ல, பாட்டு வரிசைதான் தப்பு. பெரிய பாட்டை முன்னாடியே வச்சிருக்கக் கூடாது. அப்படித்தானே?"

பக்கிரிசாமி வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க."

அவர் மறுபடி வாயைத் திறந்தார்.

"வேண்டாம். நானே யோசிக்கிறேன்."

அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். வேன் புதுக்கோட்டையை விட்டு வெளியே வந்தது. ஜன்னலோரம் வயலின் வித்வான் வேதமூர்த்தி வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

தமயந்திக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷமாகப் பெரிய சபாக்களில் பாடியவள். மேடை விளக்கில் கண் கூசும். எதிரே இருட்டு. இருட்டிலிருந்து கைதட்டல் வரும்.

ஒருநாள் அவளுக்கு அது போதவில்லை.

அந்த வருஷம் புதிதாக ஒன்று செய்தாள். பதினொரு ஊர். ஒவ்வொரு ஊரிலும் ஒரு சின்ன அறை. நாற்பது பேருக்கு மேல் கூடாது. மைக் கிடையாது. எல்லாக் கச்சேரியும் பகலில். கூட இரண்டே பேர். பத்தொன்பது வருஷமாக அவளுக்கு வயலின் வாசிக்கும் வேதமூர்த்தி. மிருதங்கத்துக்குப் பக்கிரிசாமி.

பக்கிரிசாமி அவளைவிட மூன்று வயது இளையவர். அவர் அவளை 'அக்கா' என்பார். அவள் அவரை 'வாத்தியாரே' என்பாள்.

அதற்குக் காரணம் மன்னார்குடியில் நடந்த ஒரு கச்சேரி. எட்டு வருஷத்துக்கு முன்னால். முடிந்ததும் சால்வையும் மாலையுமாக எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அன்றுதான் முதல்முறையாக அவளுக்கு வாசித்த பக்கிரிசாமி, மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டே சொன்னார்.

"மூணாவது பாட்டுல தாளத்தை முந்தி ஓடிட்டீங்க, அக்கா."

மறுநாள் காலை அவள் அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

"எனக்கு நடக்கக் கத்துக்குடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவர்தான் வாத்தியார்.

*

சின்ன அறையில் முகங்கள் தெரிந்தன. அதுதான் தொந்தரவாகிவிட்டது.

புதுக்கோட்டையில் முன்வரிசை அம்மாள் ஒருத்தி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். தமயந்தி உடனே பாட்டை முடித்து அடுத்ததை எடுத்தாள். காரைக்குடியில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ரசிக்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியவில்லை. அவர் கண்ணைத் திறக்கும்வரை மேல்ஸ்தாயியிலேயே நின்றாள். கடைசிவரை திறக்கவில்லை.

பாய் போட்ட இடத்தை மூன்று தடவை மாற்றினாள். பாட்டு வரிசையை வேனிலேயே அடித்து அடித்து எழுதினாள். காலையில் கட்டிய புடவையைக் கச்சேரிக்கு முன் மாற்றினாள். மறுபடி பழையதையே கட்டினாள்.

"எனக்குள்ள ஏதோ ஊருது, வாத்தியாரே. உட்காரவே முடியலை. என்ன செய்யட்டும்?"

பக்கிரிசாமி தன் உள்ளங்கையை நிமிர்த்தி அவள் முன் நீட்டினார். வெறும் கை.

"பொறுமையா? அதைத்தான் எல்லாரும் சொல்றாங்களே. காலி மனசா? தியானம்லாம் செஞ்சு பார்த்துட்டேன்."

"தண்ணி பாட்டிலைக் குடுங்க, அக்கா" என்றார் பக்கிரிசாமி.

*

ராகம் பாடும்போது ஒரு முறை உண்டு. பாடகி ராகத்தின் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சில பிடிகள் பாடி நிறுத்துவாள். வயலின்காரர் அதை வாங்கித் தன் வழியில் வாசிப்பார். பிறகு பாடகி தொடர்வாள். கேட்கிறவர்களுக்கு அது இரண்டு பேர் பேசிக்கொள்வது போல இருக்கும்.

சிவகங்கையில், ஒரு நூலகத்து வாசிப்பறையில், தமயந்தி பாடி நிறுத்தினாள். வேதமூர்த்தி வில்லை எடுத்தார். ஒரு மூச்சு நேரம் தாமதித்துத் தொடங்கினார். இரண்டு பிடிகூட வாசித்திருக்க மாட்டார். அவள் குறுக்கே புகுந்துவிட்டாள்.

அடுத்த நாள் மானாமதுரை. பல் டாக்டர் ஒருவரின் வீட்டுக் கூடம். அங்கே வில் தந்தியைத் தொடவே இல்லை. அதற்குள் அவள் அடுத்ததற்குப் போயிருந்தாள்.

வேதமூர்த்தி வில்லை மடியில் வைத்துக்கொண்டார். கேட்க வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நன்றாகக் கை தட்டினார்கள்.

கச்சேரி முடிந்து இலை போட்டார்கள். வேதமூர்த்தி சாப்பிட உட்காரவில்லை. ஒரு கையில் வயலின் பெட்டி, இன்னொரு கையில் துணிப்பையோடு வந்து நின்றார்.

"நான் ஊருக்குப் போறேன், தமயந்தி."

"என்னண்ணா திடீர்னு?"

"அது வந்து... கொஞ்ச நாளாவே எனக்கு..."

"உடம்பு முடியலையா? பி.பி.யா? மாத்திரை எடுத்துட்டு வரலையா?"

"அதில்லை. இந்தத் தடவை நீ..."

"வேற கச்சேரி ஒத்துக்கிட்டீங்களா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே. இல்ல, நான் குறுக்கே பாடினது கோபமா? கோபம்தானே?"

வேதமூர்த்தி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அவருக்கு அறுபத்தொரு வயது.

"அப்படியே வெச்சுக்கோ" என்றார்.

மதுரை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

*

"பத்தொன்பது வருஷம்! நடுவழியில விட்டுட்டுப் போறதா?"

பரமக்குடிக்குப் போகும் வழியெல்லாம் தமயந்தி போன் பேசிக்கொண்டே வந்தாள். மதுரையில் ஒரு வயலின்காரர் இருந்தார். திண்டுக்கல்லில் இன்னொருவர். மதுரைக்காரர் நாளைக்கே வருவதாகச் சொன்னார்.

"வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் பக்கிரிசாமி.

"வயலின் இல்லாம எப்படி?"

"வயலின் இல்லாமலே பாடுங்க. ராகத்துல அவர் முறை வரும். அப்ப நிறுத்துங்க. நான் தலையாட்டினதும் தொடங்குங்க."

"நடுவுல நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"ஜனங்க என்ன நினைப்பாங்க? பாட்டு மறந்துபோச்சுன்னு நினைப்பாங்க. இல்ல..."

பக்கிரிசாமி ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார். காற்று இரைந்தது. அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் பின்சீட்டுக்குக் கேட்கவில்லை.

*

பரமக்குடியில் நெசவாளர் சங்கத்தின் மாடியறை. முப்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். வேதமூர்த்தி உட்காரும் இடத்தில் பாய் மட்டும் இருந்தது.

தமயந்தி காம்போதி ராகம் பாடினாள். நிறுத்தினாள்.

சுருதிப் பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தொண்டையில் அடுத்த பிடி தயாராக வந்து நின்றது. பக்கிரிசாமியைப் பார்த்தாள். அவர் தலை அசையவில்லை.

மின்விசிறி கிறீச்சிட்டது. கீழே தெருவில் ஒருவன் பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனான். பின்வரிசையில் ஒரு பெண் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினாள். பக்கத்திலிருந்தவள் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். யாரோ சிரித்தார்கள்.

தமயந்தியின் காது சூடானது. புடவைத் தலைப்பை இழுத்துவிட்டாள். விரல் நகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பக்கிரிசாமி முறைத்தார். மூடினாள்.

தப்புச் செய்துவிட்டு வகுப்புக்கு வெளியே நிற்பது போல இருந்தது.

கடைசியில் அவர் தலையாட்டினார். அவள் அவசரமாகத் தொடங்கினாள்.

*

"என்னை அவமானப்படுத்திட்டீங்க."

படியிறங்கும்போதே அவள் ஆரம்பித்தாள்.

"எவ்வளவு நேரம் இருந்துச்சு, அக்கா?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"ரெண்டரை நிமிஷம். போன வருஷம் வரைக்கும் அண்ணன் வாசிச்ச நேரம்."

அவள் கடைசிப் படியில் நின்றாள்.

"அந்த நேரத்துல அவர் என்ன வாசிப்பாரு?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

"காம்போதிதான்."

"காம்போதியில?"

"என்ன கேள்வி இது? பத்தொன்பது வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"பாடிக் காட்டுங்க."

அவள் முனகிக் காட்டினாள்.

"இது நீங்க பாடினது."

அவள் யோசித்து வேறொன்று முனகினாள்.

"இதுவும் நீங்க பாடினதுதான்."

மூன்றாவது தடவை வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கையிலிருந்த செருப்பை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வில் போகிற வேகம் ஞாபகம் வந்தது. நெற்றித் திருநீறு வியர்வையில் கரைவது ஞாபகம் வந்தது. வாசித்தது மட்டும் வரவில்லை.

"அவர் வாசிக்கும்போது நான் என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன், வாத்தியாரே?"

பக்கிரிசாமி மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார்.

*

ராமநாதபுரத்தில் மறுபடியும் அதே வெற்றிடம். தூத்துக்குடியிலும். இப்போது அவள் அந்த இரண்டரை நிமிஷத்தில் வேதமூர்த்தியின் வயலினைத் தேடினாள். பாயை உற்றுப் பார்த்தாள். தன் குரல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

தூத்துக்குடியில் கச்சேரி முடிந்ததும் காபி வேண்டாம் என்றாள். மறுநாள் மாலை நான்கு மணிக்கு அம்பாசமுத்திரம். காலையில் வேன் கிளம்பியதும் ஓட்டுநரிடம் சொன்னாள்.

"முதல்ல கல்லிடைக்குறிச்சிக்குப் போங்க."

அது வேதமூர்த்தியின் ஊர். அம்பாசமுத்திரத்துக்கு எதிரே, ஆற்றுக்கு இந்தப் பக்கம்.

வழியெல்லாம் அவள் மன்னிப்புக் கேட்கப் பழகிக்கொண்டு வந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை 'கோபம்' என்று வைத்தாள். அதை எடுத்துவிட்டு 'மனவருத்தம்' என்று வைத்தாள். பாலம் வந்தது. வயல் வந்தது. மறுபடி 'கோபம்' என்றே வைத்தாள்.

*

கதவைத் திறந்தது வேதமூர்த்தியின் மனைவி கோமதி.

"வாங்கோ. உள்ளேதான் இருக்கார்."

வேதமூர்த்தி தரையில் அரிவாள்மனை போட்டு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். தலையை அசைத்தார். மறுபடி குனிந்தார்.

தமயந்தி எதிரே உட்கார்ந்தாள். பக்கிரிசாமி வேதமூர்த்தியின் வலப்பக்கம் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"அண்ணா, நீங்க என் மேல..."

அவள் நிறுத்தினாள்.

யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. பக்கிரிசாமி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேதமூர்த்தி வட்டமாக ஒரு துண்டு நறுக்கினார். நாரை விரலில் சுற்றி இழுத்தார். துண்டை மோர்த் தண்ணீரில் போட்டார். அடுத்ததை நறுக்கினார்.

தமயந்தி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். பழகி வந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஒவ்வொன்றையும் விழுங்கினாள். உடம்பு எழுந்து ஓடச் சொன்னது. கால்விரல்கள் தானாக அசைந்தன. அதையும் அடக்கினாள்.

பாதித் தண்டு முடிந்தது. விரலில் நார் மோதிரம் போலத் தடித்துவிட்டது. அவர் அதைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"எனக்கு வலது காது போயிடுத்து, தமயந்தி" என்றார்.

அவள் கைகளைத் தொடைக்கு அடியில் இன்னும் அழுத்தினாள்.

"ஒரு வருஷமாவே மந்தம். மைக் இருந்தவரைக்கும் தெரியலை. முன்னாடி ஒரு ஸ்பீக்கர் வெப்பாளோல்லியோ, அதுல கேட்டுண்டு சமாளிச்சேன். இந்தத் தடவை நீ மைக் வேண்டாம்னுட்டே. உனக்கு இடது பக்கம் உட்கார்ந்தா என் வலது காதுதான் உன்னைப் பார்த்து இருக்கும். நீ பாடறதுல பாதிதான் வந்துது. மீதியை உன் உதட்டைப் பார்த்துப் பிடிச்சேன். பிடிக்கறதுக்குக் கொஞ்சம் நேரம் ஆறது. அதுக்குள்ள நீ கிளம்பிடறே."

அவர் அடுத்த துண்டை நறுக்கினார்.

"முதல் ஊர்லேயே சொல்ல வந்தேன். நீ ஹாலைப் பத்திப் பேசினே. ரெண்டாவது ஊர்லே சொல்ல வந்தேன். நீ புடவையைப் பத்திக் கேட்டே. அப்புறம் நானே நினைச்சுண்டேன், வயலின்காரனுக்குக் காது போனா என்ன மிச்சம்? எதுக்குச் சொல்லணும்?"

வேனில் பழகிய மன்னிப்பு ஒன்றுக்கும் உதவவில்லை. அது வேறு ஏதோ ஒரு சண்டைக்கான மன்னிப்பு. அப்படி ஒரு சண்டை நடக்கவே இல்லை.

கோமதி சமையலறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தமயந்தி பக்கிரிசாமியின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா, வாத்தியாரே?"

"தெரியாது, அக்கா."

"உங்ககிட்டயும் சொல்லலையா?"

பக்கிரிசாமி தலை குனிந்தார்.

"காரைக்குடியில சொல்ல வந்தாரு. 'பக்கிரி, ஒரு விஷயம்'னாரு. நான் மிருதங்கத்துக்கு நாதம் சேர்க்க ரவை பூசிக்கிட்டிருந்தேன். அப்புறம் பேசலாம்ணேன்னு சொல்லிட்டேன்."

தண்டு முழுவதும் முடிந்தது. வேதமூர்த்தி அரிவாள்மனையைச் சாய்த்தார்.

"வேற நல்ல ஆளாப் பார்த்துக்கோ, தமயந்தி. இதை நான் வருத்தத்தோட சொல்லலை. போறும்."

தமயந்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இடது காது எப்படி இருக்குண்ணா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

வேதமூர்த்தி இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"அது நன்னாத்தான் இருக்கு."

பக்கிரிசாமி எழுந்தார். சுவரோரத்திலிருந்து நடந்து, வேதமூர்த்தியைச் சுற்றிக்கொண்டு போய், இடப்பக்கம் உட்கார்ந்தார். தரையில் ஒற்றை விரலால் மெல்லத் தட்டினார்.

"கேக்குதாண்ணே?"

"கேக்கறது."

இன்னும் மெல்லத் தட்டினார்.

"கேக்கறதுடா."

"நாலு மணிக்கு அம்பாசமுத்திரம். அக்காவுக்கு வலது பக்கம் நீங்க உட்காருங்க. நான் இடது பக்கம் வந்துடறேன்."

"முட்டாளே, நீ அந்தப் பக்கம் வந்தா உன் மிருதங்கத்தோட வலந்தலை சபையை விட்டுட்டு சுவத்தைன்னா பார்க்கும்? நாதமெல்லாம் பின்னாடி போயிடும்."

"சுவரும் கொஞ்சம் கேக்கட்டும்" என்றார் பக்கிரிசாமி.

கோமதி உள்ளே போய் வயலின் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. கணவர் முன்னால் வைத்தாள்.

வேதமூர்த்தி அதை உடனே தொடவில்லை. கைகளில் தண்டுப் பிசின். எழுந்து கொல்லைக்குப் போய் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். தண்ணீர் விழும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

*

அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி வியாபாரி வீட்டு மாடி. முப்பத்தைந்து பேர். சபாவுக்குப் போய்ப் பழகிய ஒருவர், வயலினும் மிருதங்கமும் இடம் மாறி இருப்பதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார்.

தமயந்தி அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தாள்.

இரண்டு சின்னப் பாட்டு. பிறகு ஆனந்தபைரவி.

அவள் ராகத்தைப் பாதி வழிக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

வேதமூர்த்தி தாமதிக்கவில்லை. அவள் விட்ட கடைசி ஸ்வரத்திலிருந்தே எடுத்தார். அவள் மேலே போகப் பார்த்த இடத்தில் அவர் கீழே இறங்கினார். அங்கே ஒரு வளைவு இருந்தது. அவள் அந்த ராகத்தை முப்பது வருஷமாகப் பாடுகிறாள். அப்படி ஒரு வளைவு அவளுக்குத் தெரியாது.

வழக்கம் போல அவள் தொண்டையில் அடுத்த பிடி வந்து நின்றது. நல்ல பிடிதான். இப்போது விட்டால் திரும்ப வராது.

விட்டுவிட்டாள்.

இன்னொன்று வந்தது. அதுவும் போனது. மூன்றாவதாக ஒன்றும் வரவில்லை. தன் முறை வரும்போது எதைப் பாடப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கச்சேரி மேடையில் இப்படி வெறுங்கையோடு அவள் உட்கார்ந்ததே இல்லை. பயமாக இருந்தது. பயத்தோடு வயலினைக் கேட்டாள்.

வேதமூர்த்தி கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டரை நிமிஷம் ஆனது. மூன்று ஆனது. வில் மெதுவாகி, ஆதார ஸ்வரமான ஸட்ஜத்தில் வந்து நின்றது.

முன்வரிசையில் ஒருவர் 'பேஷ்' என்றார். எல்லோருடைய பார்வையும் தமயந்தியின் பக்கம் திரும்பியது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

சுருதிப் பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். பக்கிரிசாமி இடப்பக்கத்திலிருந்து அவள் காதருகே சாய்ந்தார்.

"அக்கா, உங்க முறை."

"அண்ணா இன்னும் தந்தியிலிருந்து வில்லை எடுக்கலை" என்றாள் அவள், கண்ணை நகர்த்தாமல்.

வேதமூர்த்தி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

எடுக்கப்போன வில்லை மறுபடியும் தந்தியில் அழுத்தி இழுத்தார்.